கூட்டில இருந்து பலெற்றுக்கு: பவுடர் போகும், கிறீம் எல்லாம் போகுமோ?

மருதாணிக்கை (கொக்குவில்)

எல்லாருக்கும் வணக்கம். நான் மூண்டு வருசமா வீடு வீடாப் போய் மணப்பெண் அலங்காரம் செய்யிறன். கடை இல்லை, ஸ்கூட்டியிலதான் ஓட்டம். முன்னுக்கு ஒரு பை, சீற்றுக்குக் கீழ ஒரு பை, முதுகில ஒரு பை. போன கிழமை மூண்டையும் தராசில வைச்சுப் பார்த்தன், 14 கிலோ. தனி ஐ ஷடோ ஒண்டில பவுடர் ஒண்டரைக் கிராம்தான் இருக்கு. அதைச் சுத்தியிருக்கிற கூடும் மூடியும் கண்ணாடியும் அதைப்போல பத்துப் பதினைஞ்சு மடங்கு பாரம். நான் பிளாஸ்டிக்கைத்தான் சுமந்து திரியிறன்.

வாற மாதம் நெடுந்தீவில ஒரு கலியாணம் பிடிச்சிருக்கிறன். பண்ணைப் பாலத்தால வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் வரைக்கும் பஸ், பேந்து ஒரு மணித்தியாலம் படகு. பொம்பிளை, தாய், ரெண்டு தோழிமார், நாலு முகம். இந்த மூண்டு பையையும் தூக்கிக்கொண்டு படகில ஏற ஏலாது.

என்னட்டை இருக்கிறது: தனி ஐ ஷடோ 31, பிளஷ் 9, கொம்பக்ட் 3, லிப்ஸ்டிக் 22, கிறீம் ஃபவுண்டேசன் ஸ்டிக் 6, சின்னக் கண்ணாடிப் போத்தலில கொன்சீலர் 4, ஜெல் ஐலைனர் 2, மூஸ் மாதிரி ஒரு ஃபவுண்டேசன். எல்லாத்தையும் ரெண்டு மூண்டு பலெற்றுக்குள்ள, கன நிறத்தை ஒண்டா அடுக்கிற தட்டைப் பெட்டிக்குள்ள, கொண்டுவர ஆசை.

நேற்று ஒண்டைக் கழட்டிப் பார்த்தன். மாமி சுவிசில இருந்து கொண்டந்த செம்பு நிறம். கத்தி நுனியால நெம்ப, தகரம் வளைஞ்சு, பவுடர் முழுக்க மேசையில கொட்டுண்டு போச்சு. மிச்சம் முப்பதையும் தொடப் பயமா இருக்கு. தெரிஞ்சவை சொல்லித் தாங்கோ. எதைக் கழட்டலாம், எதைக் கழட்டக் கூடாது?

---

கூறைச்சேலை (சுன்னாகம்)

தங்கச்சி, முதல்ல அந்தச் செம்புப் பவுடரை எறிஞ்சு போடாதேங்கோ. ஒரு துண்டுப் பேப்பரில வழிச்சு மூடி வையுங்கோ, அதுக்கு வழி இருக்கு.

நான் இந்த வேலையில 18 வருசம். என்ர ஐ ஷடோ, பிளஷ் ஒண்டும் இப்ப சொந்தக் கூட்டில இல்லை. பவுடரைப் பற்றி நம்பிக்கையாச் சொல்லுவன்.

நீங்கள் விட்ட பிழை, பசை இளக முதல் நெம்பினது. பவுடர் அமத்தியிருக்கிற உந்தச் சின்னத் தகரத் தட்டைத்தான் பான் எண்டுறது, அதுக்கு அடியில ஒரு பொட்டுப் பசை இருக்கும். அதுதான் பிடிச்சு வைச்சிருக்கு. பசை இளகினால் பான் தானா எழும்பும், கத்தி நெம்புகோலா இல்லை, தாங்கிறதுக்கு மட்டும்தான். இளக்கிறதுக்கு நான் பாவிக்கிறது தலைமயிர் ஸ்ட்ரெயிற்னர். ஆகக் குறைஞ்ச சூட்டில வைச்சு, தட்டையா மேசையில கிடத்தி, தட்டுக்கு மேல பேக்கிங் பேப்பர் ஒரு துண்டு விரிச்சு, அதுக்கு மேல கூட்டின்ர அடியை வையுங்கோ. மூடியை முதலே கழட்டி விடுங்கோ. ஒரு நிமிசத்தில எடுத்துப் பாருங்கோ. இளகேல்லையெண்டால் இன்னும் அரை நிமிசம். பிளாஸ்டிக் மணக்கத் தொடங்கினால் கூடிப்போச்சு எண்டு அர்த்தம், உடன எடுத்துப் போடவேணும். யன்னலைத் திறந்து வைச்சுச் செய்யுங்கோ.

சில கூட்டில அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பசை இளகின பிறகு அதுக்குள்ளால ஊசியை விட்டுத் தள்ளினால் காணும். ஓட்டை இல்லாததுக்கு மெல்லிய கத்தியை ஓரத்தால, கூட்டின்ர பக்கம் சாய்ச்சு இறக்குங்கோ. தகரத்தின்ர பக்கம் சாய்ச்சால் பவுடர் வெடிக்கும். பான் சுடும், வெறுங்கையால தொடாதேங்கோ.

கரண்ட் இல்லாட்டி மெழுகுதிரியில செய்யிற ஆக்கள் இருக்கினம். நானும் செய்திருக்கிறன். கரி பிடிக்கும், ஒரு இடத்தில மட்டும் சூடு ஏறி பிளாஸ்டிக் உருகி ஒழுகும். வேற வழியில்லாட்டி மட்டும்.

மட்டைப் பெட்டியில வாற பலெற் வேற கதை. சூடு தேவையில்லை. மேல இருக்கிற மட்டையைப் பிளேட்டால சுத்தி வெட்டி எடுத்துப்போட்டு, பான் ஓரத்தில ரெண்டு மூண்டு துளி அல்ககோல் விட்டுப் பதினைஞ்சு நிமிசம் விடுங்கோ. பசை நனைஞ்சு விட்டுக் கொடுக்கும்.

குவிஞ்சு மேடா இருக்கிற பேக்ட் பவுடரை மட்டும் தொடாதேங்கோ. அது சுட்டு எடுத்த பவுடர், மற்றதுமாதிரி தகரத்தில அமத்தினது இல்லை. நான் மூண்டைக் கழட்டி மூண்டையும் உடைச்சனான்.

கூட்டின்ர அடியில நிறத்தின்ர பெயரும் தொகுதி இலக்கமும் இருக்கிற ஸ்டிக்கரைச் சூட்டோட சூடா உரிச்சு, பானின்ர பின்பக்கம் ஒட்டி விடுங்கோ. அதைச் செய்யாமல் விட்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு பொம்பிளைக்குச் சரியா வாய்ச்ச பிளஷ் முடிஞ்சுபோய், என்ன நிறம் எண்டு தெரியாமல் கஸ்தூரியார் வீதியில கடை கடையா ஏறி இறங்கினனான்.

இனிச் செம்புப் பவுடர். நல்லாப் பொடியாக்கி, திரும்பப் பானுக்குள்ள போட்டு, அல்ககோல் சொட்டுச் சொட்டா விட்டுப் பசை மாதிரிக் குழையுங்கோ. ஓரம் மேடு இல்லாமல் பரவி, ஒரு மணித்தியாலம் விட்டு, மேல ரிசுத் துண்டு ஒண்டு வைச்சு 5 ரூபாய்க் குத்தியால அமத்துங்கோ. 26 மில்லிமீற்றர் பானுக்குள்ள 5 ரூபா வடிவா இறங்கும், 10 ரூபா இறங்காது. ஒரு நாள் காயவிடுங்கோ. மினுக்கம் முந்தின மாதிரி இருக்காது, கொஞ்சம் இறுகும். மினுக்கமில்லாத மற் நிறமெண்டால் வித்தியாசமே தெரியாது.

---

பனங்கிழங்கு (ரொறன்ரோ)

கூறைச்சேலை அக்கா எல்லாம் சொல்லிப்போட்டா. நான் பலெற் வாங்கிறதைப் பற்றி மட்டும்.

காந்தம் உள்ள வெறும் பலெற்தான் எடுங்கோ. குழி வைச்சது வாங்கினால் அந்தக் குழிக்குப் பொருந்தின பான் மட்டும்தான் போகும். தனி ஐ ஷடோவுக்கு 26 மில்லிமீற்றர் வட்டம் கனக்கப் பேர் பாவிக்கிற அளவு. பிளஷ் 36, 37 வரும். கொம்பக்ட் 59 வரைக்கும் போகும். சதுரப் பானும் இருக்கு. காந்தப் பலெற்றுக்கு உந்தக் கணக்கு ஒண்டும் தேவையில்லை, எப்பிடியும் அடுக்கலாம்.

ஒண்டு கவனம். எல்லாப் பானும் தகரம் இல்லை. அலுமினியப் பானைக் காந்தம் பிடிக்காது. கழட்டின உடன ஃபிரிட்ஜ் காந்தம் ஒண்டைப் பின்னுக்கு வைச்சுப் பாருங்கோ. பிடிக்காட்டி, மெல்லிய தகரத் துண்டு வெட்டிப் பின்னுக்கு ஒட்டினால் சரி.

காசு செலவழிக்க விருப்பமில்லாட்டி, நத்தாருக்கு வாற பிஸ்கற் தகரப்பேணி வீட்டில கிடக்கும்தானே. அதின்ர மூடி தகரம். பானுக்குப் பின்னுக்குக் காந்தத் தாள் வெட்டி ஒட்டினால் அதுவே பலெற். கலண்டர் அடிக்கிற பிறஸ்காரரிட்டைக் காந்தத் தாள் கேட்டுப் பாருங்கோ. 2022இல சாமான் ஒண்டும் ஊருக்கு வராமல் நிண்ட நேரம் என்ர தங்கச்சி அப்பிடித்தான் செய்தவள். இண்டைக்கும் அதையே பாவிக்கிறாள்.

---

மருதாணிக்கை (கொக்குவில்)

அக்காமாருக்கு நன்றி. இண்டைக்கு ஸ்ட்ரெயிற்னரில ஆறு கழட்டினன், ஒண்டும் உடையேல்லை!

அல்ககோலுக்குப் பாமசிக்குப் போனன். சேர்ஜிக்கல் ஸ்பிரிற் எண்டு ஒரு போத்தல் தந்தவை. இதைப் பாவிக்கலாமோ?

---

வடலி (பருத்தித்துறை)

வேண்டாம் பிள்ளை. நான் பாடசாலையில் இரசாயனவியல் படிப்பித்தவன், ஒப்பனை என் துறை இல்லை. மகள் இந்த வேலை செய்வதால் இங்கே வாசிக்கிறேன். இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

பிரித்தானிய மருந்து நூல் முறைப்படி செய்த சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றில் அல்ககோல் மட்டும் இல்லை. ஆமணக்கெண்ணெய் இருக்கும், மெதைல் சலிசிலேற் இருக்கும். மூட்டு வலிக்குப் பூசும் தைலத்தின் வாசம் வருகிறதே, அது அந்தச் சலிசிலேற்றின் வாசம்தான். அல்ககோல் பறந்தபின் எண்ணெய் பவுடரிலேயே தங்கிவிடும். பவுடர் மேல் பளபளவென்று ஒரு தோல் படிந்து, தூரிகையில் ஏறாது. அந்த வாசத்தோடு அதைக் கண்ணிமையில் பூசவும் கூடாது.

ஐசோபுறோப்பைல் அல்ககோல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். போத்தலில் வேறு எதுவும் சேர்க்கவில்லை என்று எழுதியிருக்க வேண்டும். பசை கழட்டவும் பவுடர் குழைக்கவும் 90க்கு மேல் உள்ளது நல்லது, கெதியாகக் காயும். கிருமி கொல்ல 70 சதவீதம்தான் நல்லது. கூடினது இன்னும் நல்லது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், அப்படியில்லை. தண்ணீர் கொஞ்சம் கலந்திருந்தால்தான் மெதுவாகக் காய்ந்து, கிருமியின் உள்ளே போய் வேலை செய்ய நேரம் கிடைக்கும்.

ஸ்ட்ரெயிற்னர் சூடாக இருக்கும்போதோ மெழுகுதிரி எரியும்போதோ அந்தப் போத்தலைத் திறக்கவே கூடாது. ஆவி தீப்பிடிக்கும். சூட்டு வேலையை ஒரு நாளும் அல்ககோல் வேலையை இன்னொரு நாளும் வையுங்கள்.

---

மணவறை (மானிப்பாய்)

நான் ஒத்துக்கொள்ளமாட்டன். எல்லாரும் கழட்டச் சொல்லிக் குடுக்கிறியள், ஒருத்தரும் கழட்ட வேணுமோ எண்டு கேக்கேல்லை.

யாழ்ப்பாணத்தில பொம்பிளையின்ர தாய்மார் முதல் கேக்கிறதே “இது என்ன கொம்பனி பிள்ளை?” எண்டுதான். கேக்கிறது நியாயம். முகத்தில போடுற சாமான். ஒரு கலியாணத்துக்கு அலங்காரத்துக்கு எவ்வளவு காசு தருகினம்? பெட்டியைத் திறந்தால் கொம்பனிப் பெயர் தெரியவேணும். பேரில்லாத தகரத்தட்டில நிறம் நிறமாக் கிடந்தால், சந்தையில கிலோக் கணக்கில வாங்கினதோ எண்டு நினைப்பினம். ஒரு வீட்டில எனக்கு அந்தக் கேள்வி வந்தது. பதில் சொல்ல ஒண்டும் கையில இல்லை. அண்டையில இருந்து எல்லாத்தையும் சொந்தக் கூட்டிலதான் கொண்டு போறன்.

மற்றது கிறீம். ஜெல் ஐலைனர் ஒண்டை வழிச்சுப் பலெற்றில போட்டன். ரெண்டு கிழமையில கல்லு. போத்தலில அது ஒரு வருசம் மெழுகு மாதிரி இருந்தது. பாரத்துக்குப் பயந்து சாமானைக் கெடுக்கக்கூடாது.

---

கூறைச்சேலை (சுன்னாகம்)

மணவறை, தாய்மாரின்ர கேள்வி நியாயம் எண்டு நானும் சொல்லுவன். அதுக்கு நான் செய்யிறது இது. கழட்ட முதல் ஒவ்வொண்டையும் கூட்டோட படம் எடுக்கிறன், முன்பக்கம், பின்பக்கம், என்னென்ன சேர்த்திருக்கு எண்டு எழுதின பக்கம். எல்லாம் ஃபோனில ஒரு அல்பத்தில இருக்கு. கேட்டால் காட்டுவன். கேளாட்டியும் பரீட்சார்த்த மேக்கப் போடுற நாளில நானாக் காட்டுவன். போன வருசம் ஒரு பிள்ளைக்கு வாசனை சேர்த்த சாமான் ஒத்துவராது எண்டு சொன்னவ. அந்தப் படங்களைப் பெருப்பிச்சுப் பார்த்துத்தான் மூண்டு பிளஷை விலத்தினனான். கூட்டோட கொண்டு போயிருந்தாலும் அந்தச் சின்ன எழுத்தை அந்த அவசரத்தில வாசிச்சிருக்க மாட்டன்.

கிறீம் விசயத்தில நீங்கள் சொல்லுறது சரி. ஏன் அப்பிடி எண்டு மாஸ்ரரைத்தான் கேக்கவேணும்.

---

வடலி (பருத்தித்துறை)

மணவறை சொன்ன “கல்லு” என்ற ஒரு சொல்லில் முழு விடயமும் இருக்கிறது. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பவுடருக்குக் கூடு வெறும் பெட்டி. உடையாமல், தூசி விழாமல் காக்கும், அவ்வளவுதான். கிறீமுக்கு அப்படியில்லை. சில கிறீமில் அந்தப் போத்தலும் அதன் இறுக்கமான மூடியும் சாமானின் ஒரு பாகம். ஆகவே கழட்ட முன் கேட்க வேண்டியது, இந்தப் போத்தல் இதற்கு என்ன வேலை செய்கிறது என்பதுதான். பதில், சேர்க்கைகள் எழுதின பக்கத்தில் இருக்கிறது. கூடின அளவில் சேர்த்ததைத்தான் முதலில் எழுதுவார்கள். முதல் மூன்று நான்கு பெயர்களைப் பார்த்தால் காணும்.

அதில் ஐசோடோடெக்கேன், சைக்குளோபென்ராசிலொக்சேன் மாதிரிப் பெயர் வந்தால், அது பறந்து போகிற திரவம். கண்ணில் பூசியதும் அது பறந்து, நிறமும் மெழுகும் மட்டும் இமையில் ஒட்டி நிற்கும். வியர்வைக்கும் ஓமப்புகைக்கும் அசையாமல் நிற்கிறதே, அதற்குக் காரணம் அதுதான். அதே திரவம் பலெற்றில் இருந்தும் பறக்கும். பலெற் மூடி காற்று இறுக்கமாக மூடாது. ஜெல் ஐலைனர் கல்லானது இதனால்தான். இவை போத்தலிலேயே இருக்க வேண்டியவை.

அக்குவா என்று முதலில் எழுதியிருந்தால் அது தண்ணீர். தண்ணீரையும் எண்ணெயையும் சேர்த்துக் கட்டி வைத்த குழம்பு. உருக்கினால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும், எண்ணெய் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். திரும்பச் சேராது. உருக்காமல் வழித்துப் பலெற்றில் போட்டாலும் காயும். கைபட்ட தண்ணீர்ச் சாமானில் கிருமி வளர்வதும் இலகு. பிள்ளை, உங்கள் மூஸ் ஃபவுண்டேசன் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும், பக்கத்தை வாசித்துப் பாருங்கள். எதுவாக இருந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

மிச்சம் மெழுகும் எண்ணெயும் நிறமும் மட்டும் உள்ளவை. லிப்ஸ்டிக், கிறீம் ஸ்டிக், கொழுப்பு மாதிரி இருக்கிற கொன்சீலர், கிறீம் பிளஷ். இவை பலெற்றில் நன்றாக இருக்கும். நாடக, சினிமா ஒப்பனைக்காரர் பலெற்றில் வைத்திருப்பதும் பெரும்பாலும் இந்த வகைதான்.

உருக்குவது பற்றி. தேன்மெழுகு 62 முதல் 64 பாகையில் உருகும். கண்டெலிலா 70க்குக் கிட்ட. கார்னோபா 82க்கு மேல் போகும். ஒரு லிப்ஸ்டிக்கில் இரண்டு மூன்று மெழுகு கலந்திருக்கும். எப்படியும் கொதிநீரின் 100 பாகை தாண்டத் தேவையில்லை. கரண்டியில் போட்டு மெழுகுதிரிக்கு மேல் பிடித்தால் கரண்டியின் அடி அதைவிடப் பல மடங்கு சுடும். எண்ணெய் கருகும், வாசம் மாறும், சிவப்பு மண்ணிறமாகும். அதனால் சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, அடுப்பை நிறுத்தி, அதற்குள் சின்ன எவர்சில்வர் பேணியை வைத்து அதில் உருக்குங்கள். ஒரு துளி தண்ணீர்கூட உள்ளே விழக் கூடாது, பேணியும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். தண்ணீர் இல்லாததால்தான் இந்த வகைச் சாமானில் கிருமி இலகுவில் வளர்வதில்லை.

உருகினதும் வேலைக்குப் பிந்தாதீர்கள். வெள்ளை நிறத்துக்குப் போடுகிற தைத்தானியம் ஈரொட்சைட்டு பாரமானது, அடியில் படியும். கிளறிக் கிளறிச் சூட்டோடு ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் முதல் ஊற்றினது வெளிறியும் கடைசி ஊற்றினது மாவாகவும் வரும். பானை இரண்டு தட்டுத் தட்டினால் காற்றுக்குமிழ் மேலே வரும். ஃபிரிட்ஜில் வைத்து ஆற்றாதீர்கள், வெளியே எடுக்கும்போது மேலே நீர் வேர்க்கும். மேசையிலேயே ஆறட்டும்.

வெயில் தடுக்கும் எஸ்பிஎஃப் போட்ட கிறீமையும் உருக்க வேண்டாம். உருக்கி ஆற்றினபின் அது முந்தின அளவுக்குத் தடுக்கும் என்று நம்ப முடியாது.

---

அண்ணாவி மகன் (பாசையூர்)

மாஸ்ரர் சொன்னதை வாசிக்க எனக்கு அப்பாவின்ர பெட்டி ஞாபகம் வந்திட்டுது. எங்கட ஊரில நாட்டுக்கூத்துக்கு அவர்தான் ஒப்பனை. பலகைப் பெட்டிக்குள்ள தேச்சு மினுக்கின சிரட்டை ஏழு. ஒவ்வொண்டிலயும் ஒரு நிறம். முத்துவெள்ளை, செந்தூரம், மஞ்சள், கரி. எல்லாத்தையும் தூளாத்தான் கொண்டு போவார். தேங்காய் எண்ணெய் தனிப் போத்தலில. கூத்தண்டு பின்னேரம்தான் எண்ணெய் விட்டுக் குழைப்பார், அண்டைக்குக் காணுற அளவு மட்டும். மிஞ்சினதைத் திரும்பச் சிரட்டையில போடமாட்டார், துடைச்சு எறிஞ்சு போடுவார். ஏனெண்டு கேட்டால், ஒருத்தன்ர முகத்தில பட்டது மற்றவன்ர முகத்துக்கு ஆகாது எண்டு சொல்லுவார்.

அந்த நிறங்களைத் திரும்பப் பாவிக்கச் சொல்லேல்லை. அதில தோலுக்கு ஆகாததும் இருந்தது. ஆனால் தூளைக் கொண்டு போறது, ஈரத்தை அங்க போய்ச் சேர்க்கிறது, எடுத்ததைத் திரும்ப வைக்காதது, இந்த மூண்டும் இப்பவும் சரிவரும் எண்டு படுது.

நானும் இப்ப கூத்துக்குப் போறன். கிறியோலான் கொம்பனியின்ர கிறீம் ஸ்டிக் 25 கிராம், ஆறு நிறம். அடியில இருந்து ஒரு விரற்கடை வெட்டிப் பலெற்றில அமத்தி வைச்சிருக்கிறன். உருக்கவே இல்லை. கட்டைக் கத்தியால தடவித் தடவி அமத்தினால் அது தானா இளகிப் படியும். மருதாணிக்கையும் ஸ்டிக் ஆறையும் அப்பிடிச் செய்யலாம். மிச்ச ஸ்டிக் வீட்டில கூட்டோட பத்திரமா இருக்கும்.

---

செவ்வரத்தை (திருநெல்வேலி)

நான் தாதியா வேலை செய்யிறன். கிருமி விசயத்தில நாலு சொல்லு.

பவுடருக்கு மேல 70 சதவீத அல்ககோலை லேசா விசிறிக் காயவிட்டால் மேற்பரப்பு சுத்தமாகும். கிறீமுக்கு அது சரிவராது. மேல ஓடி நிற்கும், உள்ளுக்குப் போகாது. கிறீமில விரலோ தூரிகையோ படாமல் காப்பாத்திறது ஒண்டுதான் வழி. எவர்சில்வர் கரண்டி மாதிரி வாற ஸ்பற்றுலாவால எடுத்து, தனி எவர்சில்வர் தட்டில வைச்சு, அதில இருந்துதான் பூசவேணும். எடுத்த ஸ்பற்றுலாவைத் துடைக்காமல் அடுத்த நிறத்துக்குள்ள விடக்கூடாது. நனைச்ச ஸ்பஞ்ச் பலெற்றுக்குக் கிட்டயே வரக்கூடாது.

லிப்ஸ்டிக்கை உருக்க முதல், அது ஏற்கனவே நேராக ஆற்றையேன் உதட்டில பட்டதோ எண்டு யோசியுங்கோ. பட்டிருந்தால் மேல் பக்கத்தை வெட்டி எறிஞ்சு போட்டு மிச்சத்தை எடுங்கோ. உதட்டில கொப்பளம் போடுற வைரஸ் லேசில தொத்தும். ஆரின்ர எண்டு ஞாபகமில்லாத லிப்ஸ்டிக்கை முழுக்கவே விடுங்கோ. கண்நோய் பரவுற காலத்தில ஜெல் லைனரை நேராப் போத்தலில தொட்டுப் பூசினால், நாலு முகத்துக்கும் அதை நீங்கள்தான் கொண்டு போய்க் குடுக்கிறியள்.

மற்றது, கூட்டில மூடி திறந்த போத்தல் மாதிரி ஒரு படமும் அதுக்குள்ள 12, பக்கத்தில எம் எழுத்தும் இருக்கும். திறந்து 12 மாதம் எண்டு அர்த்தம். பலெற்றுக்கு மாத்தினால் அந்தக் கணக்குப் புதுசாத் தொடங்காது. திறந்த மாதத்தை மாஸ்கிங் ரேப் துண்டில எழுதிப் பானுக்குப் பின்னுக்கு ஒட்டுங்கோ.

---

மணவறை (மானிப்பாய்)

மாஸ்ரரின்ர விளக்கத்துக்கு நன்றி. இவ்வளவு காலமும் சாமான் கூடாது எண்டு நினைச்சு அந்த ஐலைனரை எல்லாருக்கும் வேண்டாமெண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சன். பிழை சாமானில இல்லை, நான் மாத்தினதில.

படம் எடுத்து வைக்கிறது நல்ல யோசனை, அதை நான் இண்டைக்கே தொடங்குவன். ஐ ஷடோவைக் கழட்டிறது பற்றி யோசிக்கிறன். கொம்பக்ட்டும் ஃபவுண்டேசனும் என்னட்டை கூட்டிலதான் இருக்கும். முகம் முழுக்கப் போடுற சாமானைத் தாய் தன்ர கண்ணால பார்க்கட்டும்.

---

நெடுந்தீவாள்

பிள்ளை எங்கட ஊருக்கு வாறியள் எண்டு கண்டு சந்தோசம். படகைப் பற்றிச் சொல்லுறன்.

காத்துக் காலமெண்டால் உப்புத்தண்ணி உள்ளுக்கு அடிக்கும். பலெற்றை ரெண்டு பொலித்தீன் பையில சுத்தி, பேந்துதான் பையில வையுங்கோ. சாமானை மேல் தட்டில வெயிலில வைக்காதேங்கோ, மடியில வைச்சிருங்கோ. குறிகட்டுவானில படகுக்கு நிக்கிற நேரம்தான் ஆகலும் மோசம், ஒதுங்க நிழல் குறைவு. எங்கட அக்கா ஒராள் ரெஜிஃபோம் பெட்டியில வைச்சுத்தான் கொண்டு வாறவ. ஐஸ் போடமாட்டா, வெறும் பெட்டி. அதுவே வெக்கையை மறிக்கும்.

முகூர்த்தம் விடியவெண்டால் முதல் நாளே வந்திடுங்கோ. கடல் குழம்பினால் படகு ஓடாது.

---

மருதாணிக்கை (கொக்குவில்)

போய்ட்டு வந்திட்டன். எல்லாருக்கும் சொல்ல வேணும் எண்டு காத்துக்கொண்டிருந்தனான்.

31 ஐ ஷடோவில 28 பத்திரமாக் கழண்டது. ஒண்டு நான் முதல் உடைச்ச செம்பு. ரெண்டு பேக்ட், தொடேல்லை. செம்பைக் கூறைச்சேலை அக்கா சொன்னமாதிரிக் குழைச்சு 5 ரூபாக் குத்தியால அமத்தினன். மினுக்கம் குறைஞ்சுதான் போச்சு, தூரிகையில கொஞ்சம் கூட நேரம் தேய்க்க வேண்டியிருக்கு. ஆனால் பொம்பிளையின்ர அரக்குக் கூறைக்கு அந்த அடங்கின செம்புதான் நல்லாப் பொருந்தினது.

ஒன்பது பிளஷில நாலு அலுமினியம். அம்மாவின்ர தையல் பேணி மூடியில தகரத் துண்டு வெட்டினன். முதல் துண்டு கையை வெட்டிப் போட்டுது, கையுறை போட்டுச் செய்யுங்கோ.

லிப்ஸ்டிக் 22இல ஆரின்ர உதட்டில பட்டதெண்டு தெரியாத ஐஞ்சை எறிஞ்சிட்டன். மனம் கேக்கேல்லை, எண்டாலும் எறிஞ்சிட்டன். 17 உருக்கினன். முதல் ரெண்டு மாஸ்ரர் சொன்ன மாதிரியே பிழைச்சது, கிளறாமல் ஊற்றி வெளிறிப் போச்சு. திரும்ப உருக்கிக் கிளறி ஊற்ற நிறம் வந்திட்டுது. ஸ்டிக் ஆறும் அண்ணாவி மகன் அண்ணை சொன்னமாதிரி வெட்டி அமத்தினது, அதில ஒரு கரைச்சலும் இல்லை. கொன்சீலர் நாலில ரெண்டின்ர பக்கத்தில அக்குவா முதல் எழுதியிருந்தது, மூஸிலையும் அதேதான். அது மூண்டும், ஜெல் லைனர் ரெண்டும் போத்தலிலயே வந்தது. மொத்தம் ஒரு பை. தராசில 5 கிலோ 200.

படகுக்கு நிக்கேக்க ஒரு பெடியன் பையைத் தூக்கி வெயிலில வைச்சிட்டான், நான் ரிக்கற்றுக்குப் போன நேரம். திறந்து பார்க்க லிப் பலெற்றில மேல எண்ணெய் வேர்த்திருந்தது. ரெஜிஃபோம் பெட்டியை லிப் பலெற்றுக்குப் பாவிக்காமல் பவுடருக்குப் பாவிச்சது என்ர பிழை. நிழலில வைக்க, பின்னேரம் திரும்ப இறுகிட்டுது. பூசேக்க வித்தியாசம் தெரியேல்லை.

பொம்பிளையின்ர தாய் கேட்டவ, மணவறை அக்கா சொன்ன அதே கேள்வி. ஃபோனைக் குடுத்தன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாத் தள்ளித் தள்ளிப் பார்த்தா. பேந்து தன்ர முகத்துக்கு எதைப் போடப் போறன் எண்டு கேட்டா.

மாஸ்ரர், ஒரு கேள்வி. அந்த எண்ணெய் வேர்த்த லிப் பலெற்றைத் தொடர்ந்து பாவிக்கலாமோ?

---

வடலி (பருத்தித்துறை)

பாவிக்கலாம். மெழுகு இளகும்போது எண்ணெய் கொஞ்சம் மேலே வரும், ஆறினபின் உள்ளே இழுபடும். மணந்து பாருங்கள், பழைய எண்ணெய் வாசம் வந்தால் மட்டும் விடுங்கள். மேலே மணிமணியாக நின்று போகாவிட்டால், அந்தப் பானை மட்டும் எடுத்துச் சுடுதண்ணீர்ப் பேணியில் வைத்து இன்னொருமுறை கிளறி ஆறவிடுங்கள். சித்திரை வெயிலுக்கு முதல் அந்தப் பலெற்றுக்கு ஒரு ரெஜிஃபோம் பெட்டி தேடி வையுங்கோ பிள்ளை.